முற்றும் என்று தொடங்கும் காடு

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அவரைக் கட்டிக்கொண்ட என் அக்காவும் அப்படிச் சொல்வதில்லை. மேலதிகாரி காட்டைச் சுற்றிப் பார்க்க வரும் நாளன்று, கல்லூரி விடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி அக்கா ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்தாள்.

"மாமா கூடப் போ. அவர் வாயத் திறக்காமப் பாத்துக்க."

"அவர் வழிகாட்டிக்கா. வாயத் திறக்கிறதுதான் அவர் வேலையே."

"மரத்தப் பத்திப் பேசட்டும். பலகையப் பத்திப் பேசக் கூடாது."

பலகை விவகாரம் இதுதான். அந்தப் பழங்காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் நடைபாதை ஒன்று வட்டமாகப் போய், புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வருகிறது. மாமா பதினோரு வருடமாக அங்கே தற்காலிக வழிகாட்டி. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அத்தனை நிரந்தரமாக உழைத்தவர் வேறு யாரும் இல்லை. காட்டின் பழங்கதையை ஏழு பலகைகளில் எழுதி வழிநெடுக நடும்படி போன மாதம் உத்தரவு வந்தது. மாமா முத்து முத்தாக எழுதினார். எண் போட்டால் காடு பரீட்சைத் தாள் மாதிரி ஆகிவிடும் என்று எண் மட்டும் போடவில்லை. பலகைகளை ஏற்றி வந்த வேன் நின்ற பக்கத்திலிருந்து வரிசையாக நட்டுக்கொண்டே போனார். வேன் நின்றது, ஜனங்கள் நடந்து முடித்து வெளியே வரும் பக்கம். சிமெண்ட் இறுகிய பிறகுதான் தெரிந்தது, கதை தலைகீழாக நிற்கிறது என்று. உள்ளே நுழைபவர்கள் முதலில் வாசிக்கும் பலகையின் அடியில், மாமாவே ஆசைப்பட்டு வரைந்த கொடியும் பூவுமாக, 'முற்றும்'.

அதிகாரி எழுதப்போகும் அறிக்கையில்தான் மாமாவின் வேலை நிரந்தரமாவதா, அவர் வீட்டில் நிரந்தரமாவதா என்பது இருந்தது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கான்வாஸ் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டில், கையில் கோப்பு. முதல் பலகையின் முன் நின்று வாய்விட்டு வாசித்தார்.

"அவன் கல்லானான். இன்றும் நிற்கிறான். முற்றும்."

பக்கத்தில் பாசி படிந்து நின்ற கல்லைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். இரண்டுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

"போலாமா?" என்றார்.

காட்டுக்குள் வெயில் சில்லறையாகத்தான் விழுந்தது. வேர்கள் பாதையின் குறுக்கே கால் நீட்டிப் படுத்திருந்தன. மரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மாமாவின் பயம் போய்விட்டது. இந்தப் பொந்துக்குள் எட்டிப் பார்க்கும் முன் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அந்த மரத்தின் விழுதுகளை இரண்டு தடவை எண்ணினால் ஒன்று கூடியிருக்கும் என்றார். அதிகாரி குனிந்து தன் பெயரைப் பொந்துக்குள் சொன்னார். விழுதுகளை ஒரு தடவை மட்டும் எண்ணினார்.

இடையிடையே பலகைகள். கரையில் நின்று அவளைக் கூப்பிட்டான். அவள் அழுத கண்ணீர் குளமாயிற்று. கணவனைத் தேடி அவள் வந்தாள். பறவைகள் காட்டை விட்டுப் போயின. பெரிய மரம் சாய்ந்தது. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அதிகாரி சொன்னது, "ம்."

"மேடத்துக்குப் புரியல போலடா மாப்ள," என்று மாமா என் காதைக் கடித்தார்.

"புரியாத வரைக்கும் நல்லது மாமா."

"மனசு உறுத்துதுடா."

"உறுத்தட்டும். உள்ளதானே இருக்கு, வெளிய தெரியாது."

கடைசிப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால் பாதை இரண்டு மரங்களுக்கு நடுவே போகிறது. ஒரே அடியிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மாதிரி, ஓர் இடுப்பு நுழையும் அளவு இடைவெளி விட்டு நிற்பவை.

"இதுக்கு என்ன கதை?" என்றார் அதிகாரி.

மாமா மரங்களைப் பார்த்தபடி சொன்னார். "மனசுல எதையாச்சும் ஒளிச்சு வச்சுக்கிட்டுப் போனா... பிடிச்சுக்கும் மேடம்."

அதிகாரி நுழைந்து போனார். நானும் போனேன். நான் ஒல்லி, ஒளித்து வைக்க இடமில்லை. பதினோரு வருடமாக மாமா மூச்சை இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் கடந்துவிடுகிற இடம் அது. அன்று இழுக்க மூச்சு இல்லை. காலையில் தெம்புக்கென்று அக்கா வைத்த இரண்டாவது தட்டு இட்லியும் உள்ளே இருந்தது. நடுவில் சிக்கி நின்றுவிட்டார்.

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். பிரயோஜனமில்லை.

"மேடம், பலகையெல்லாம் தலைகீழா நட்டுட்டேன். நான்தான். வேன்காரர் மேல தப்பில்ல."

"தெரியும்," என்றார் அதிகாரி. "முதல் பலகையிலயே முற்றும்னு இருந்துச்சே."

"அப்பறம் ஏன் மேடம் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். அதுவுமில்லாம, கல்லு மறுபடி மனுஷனாகுற கதைய நான் கேட்டதில்ல. எங்க போய் நிக்குதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

கோப்பை மரத்தின் மேலேயே வைத்து, நிதானமாக நாலு வரி எழுதினார். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது; அந்தக் காட்டில் அதற்குப் பழகியிருந்தேன். 'பொய் சொல்ல வராதவர். நிரந்தரமாக்கலாம்.'

"அந்த 'முற்றும்' மட்டும் அழிச்சிடுங்க. பூ இருக்கட்டும்."

"சரிங்க மேடம்." மாமா அசைந்து பார்த்தார். மரங்கள் விடவில்லை.

"இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

மாமா யோசித்தார். "காலைல ரெண்டாவது தட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அவ மனசு நோகும்னு சொல்லல."

சொல்லிவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். வயிறு உள்ளே போயிற்று. நானும் அதிகாரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். பட்டன் ஒன்றை மட்டும் மரங்கள் வைத்துக்கொண்டன.

வாசலருகே கடைசிப் பலகை. அதிகாரி இதையும் வாய்விட்டு வாசித்தார்.

"முன்னொரு காலத்தில் ஒருவன் இந்தக் காட்டுக்கு வந்தான். காடு அவனை நம்பி வழிவிட்டது."

மாமா சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.