மந்திரிக்குப் போட்ட மாலை

சாக்குத் தைக்கிற ஊசி சிட்னியில் எந்த வீட்டில்தான் இருக்கும்? இருந்தும் பவளம் குசினி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடிக்கொண்டிருந்தாள். கரண்டிகள், தீர்ந்துபோன பற்றரிகள், பீட்சாக் கடைக் கூப்பன்கள், எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாத சாவிகள். கடைசியில், மகள் சிவாஜினி கம்பளி பின்னப் பழகி ஒரு மாதத்திலேயே கைவிட்ட பெட்டிக்குள் பெரிய கண் வைத்த ஊசியொன்று அகப்பட்டது. இதுவே போதும் என்று மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

டூங்கபியில் இன்னும் சரியாக விடியவில்லை. அன்று முற்பகல் அவளுடைய கணவர் வரதராஜனின் இறுதிக்கிரியை. மேசையில் ஒரு பை சின்ன வெங்காயம், ஒரு போத்தல் காய்ந்த செத்தல் மிளகாய், ஒரு பந்து சணல் நூல். முந்தின இரவு கடை பூட்டுமுன் ஓடிப்போய் வெங்காயம் வாங்கி வந்தவன் மருமகன் சுபாங்கன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, மூன்று வேளையும் தெரிந்தவர்கள் சமைத்து அனுப்புகிறார்கள், பிறகெதற்கு வெங்காயம் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். புருஷனைப் பறிகொடுத்த மாமியாரிடம் விளக்கம் கேட்க எந்த மருமகனுக்குத் துணிவு வரும்? நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கி வந்து, மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வெங்காயத்தைக் கழுத்தில்தான் கோர்க்கவேண்டும். வயிற்றில் குத்தினால் நீர் விட்டு மாலை நசநசத்துப் போகும். கை அதை மறக்கவில்லை. மூன்று வெங்காயம், ஒரு மிளகாய், மறுபடி மூன்று வெங்காயம். ஐம்பது வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மாலையை அவள் கட்டியிருக்கிறாள். அப்போது கலியாணமாகி ஒரு வருடமும் ஆகவில்லை.

முந்தின நாள் பின்னேரம் கொழுந்தன் ஈஸ்வரமூர்த்தி மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கினார். வரதராஜனுக்கு ஆண் பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி வைப்பதும் அவர்தான், சபையில் பேசுவதும் அவர்தான். மெல்பேர்னில், நோபல் பார்க் பக்கத்தில் யார் இறந்தாலும் இரங்கல் உரைக்கு அவரைத்தான் தேடுவார்கள். எப்படிப்பட்ட ஆளும் அவருடைய பேனாவில் ஒருமுறை விழுந்து எழும்பினால் ஒரு குறையும் இல்லாதவராகிவிடுவார். அண்ணாவுக்கு எழுதியதை அவர் ஹாலில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். செம்மண்ணில் உழைத்து உயர்ந்தவர் என்று இருந்தது. சமஷ்டிக் கொள்கையில் இறுதிவரை உறுதியாக நின்றவர் என்றும் இருந்தது.

பவளம் நிமிர்ந்து பார்த்தாள். சமஷ்டிக் கொள்கையில் நின்றவர் தம்பி. அண்ணா நின்றது வெங்காயப் பாத்திக்குள்.

"தம்பி, மாலை போட்டது வரேல்லையே?" என்று கேட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சபையில சொல்லுற கதையில்லை, அண்ணி. அண்ணாவை ஆரும் ஒரு சொல் சொல்லக்கூடாது எண்டுதான் விட்டனான்."

பவளம் உள்ளே போய்ப் படுத்தாள். ஆனால் நித்திரை வரவில்லை. பெட்டிக்குள் படுத்திருக்கப்போகிறவர் யாரோ ஒரு கொள்கை வீரர், தன்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன் இல்லை என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவரை அவராகவே அனுப்பவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

அந்தக் கதை பெரிய கதையுமல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உள்ளே வருவதை நிறுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கனவிலும் காணாத விலை கிடைத்தது. தண்ணீர் இறைக்க மெஷின் வாங்கினார்கள், ஓலைக் கூரைகளைக் கழற்றி ஓடு போட்டார்கள். அதே அரசாங்கம்தான் புதிதாக ஒரு அரசியலமைப்பு எழுதி, தமிழர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே ஆளக் கேட்ட சமஷ்டியைக் குப்பையில் போட்டது. பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்றதும் அதே அரசாங்கம்தான். ஆக ஒரே வீட்டில் அண்ணாவின் வெங்காயம் விலைபோனது, தம்பியின் புள்ளிகள் விலைபோகவில்லை. இஞ்சினியராகியிருக்க வேண்டிய ஈஸ்வரமூர்த்தி பிறகு எத்தனையோ சுற்றுச் சுற்றி வந்து மெல்பேர்னில் ரயில் சிக்னல் திருத்தி ஓய்வுபெற்றார்.

அந்த நாட்களில் ஒருமுறை அந்த அரசாங்கத்து மந்திரி ஒருவர் ஊருக்கு வந்தார். சமஷ்டி கேட்ட தமிழ்க் கட்சி கறுப்புக்கொடி காட்டச் சொன்னது. வரதராஜன் சந்தியில் நின்று, விலை கிடைத்ததற்கு நன்றியாக மந்திரிக்கு மாலை போட்டார். பூமாலையல்ல, வெங்காயமும் மிளகாயும் கோர்த்த மாலை. மந்திரியின் வெள்ளைச் சட்டையில் சிவப்புத் தூள் ஒட்டியதையும் அவர் தும்மியதையும் வரதராஜன் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். ஊர் சிரிக்கவில்லை. துரோகி என்று வீட்டு மதிலில் தாரால் எழுதிவிட்டுப் போனது. சில வருடங்களில் ஆட்சி மாறியது. கப்பல் கப்பலாக வெங்காயம் வந்து இறங்க, ஊர் வெங்காயம் தோட்டத்திலேயே அழுகியது. அப்போது துரோகி என்றவர்களும் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தலையில் கை வைத்தார்கள். பிறகு போர் வந்தது. வெங்காயக் கதையை யாரும் எடுக்கவில்லை, துரோகி என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அண்ணாவும் தம்பியும் சண்டை பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டெலிபோனில் கதைத்தார்கள். பிரஷர், கொலஸ்ரோல், வீட்டு விலை, கிரிக்கெட், எல்லாம் கதைத்தார்கள். அந்த மாலையை மட்டும் இருவரும் தொடவில்லை, நடு வீட்டில் கிடக்கும் அலுமாரியைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போனார்கள்.

வரதராஜன் கடைசி வருடங்களில் ரீவிக்கு முன்னாலிருந்த கதிரையை விட்டு அதிகம் எழும்பவில்லை. ஐரோப்பாவில் விவசாயிகள் ட்ராக்டர்களைக் கொண்டுவந்து நகரத்து வீதிகளை மறித்த செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்லுவார். இத்தனை நாடுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, காசும் ஒன்று, எல்லைக்குக் காவலும் இல்லை, ஆனால் பாலுக்கும் கிழங்குக்கும் விலை என்று வந்தால் அவனவன் தன் ட்ராக்டரில் ஏறிவிடுகிறான் என்று பவளத்துக்கு விளங்கப்படுத்துவார். சமஷ்டியோ ஒற்றையாட்சியோ, விளைவிக்கிறவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சட்டம் போடட்டும் என்பார். போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தச் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பவளம் தலை சீவிவிட்டாள். சீப்பைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ரீவியில் ட்ராக்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

மாலை பாதிக்கு வந்தபோது ஈஸ்வரமூர்த்தி தேத்தண்ணி போட குசினிக்குள் வந்தார். கேத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பியவர் மேசையைக் கண்டதும் அப்படியே நின்றார். என்னவென்று கேட்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

"ஆக்கள் என்ன சொல்லுவினம், அண்ணி?"

"ஆக்கள் அப்பவே சொல்லி முடிச்சிட்டினம். இனிப் புதுசா என்ன கிடக்கு?"

அவர் கேத்தில் பக்கம் திரும்பினார். பிறகு அதற்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் ரோட்டுக்கு அங்கால கறுப்புக்கொடியோட நிண்டனான். அண்ணா என்னைக் கண்டவர். கண்டுகொண்டுதான் போட்டவர்."

பவளம் ஊசியை மேசையில் வைத்தாள். இந்த ஐம்பது வருடமும் இவர் மனசில் கிடந்தது புள்ளியும் இல்லை, சமஷ்டியும் இல்லை, இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கண்டது தெரியும். அண்டு இரவு எனக்குச் சொன்னவர்," என்றாள். "தம்பி காலமை சாப்பிடாமல் போனவன், வெயிலுக்க நிக்கிறான், ஒரு சோடா வாங்கிக் குடுப்பம் எண்டு மனம் அடிச்சுக்கொண்டது எண்டார். துரோகி கையால வாங்கிக் குடிச்சால் அவன்ர ஆக்கள் அவனை நக்கலடிப்பாங்கள் எண்டு பேசாமல் வந்திட்டாராம்."

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. ஈஸ்வரமூர்த்தி தேத்தண்ணி போடவில்லை. எதிர்க் கதிரையை இழுத்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்துகொண்டே இருந்தார். பவளம் அவரைப் பார்க்காமல் இன்னொரு வெங்காயத்தைக் கோர்த்தாள்.

"எத்தினைக்கு ஒரு மிளகாய்?" என்று அவர் கடைசியில் கேட்டார்.

"மூண்டுக்கு ஒண்டு. காம்பை ஒடிச்சுப்போட்டுத் தாரும்."

அவர் காம்பை ஒடித்து ஒடித்துக் கொடுத்தார். சிக்னல் வயர்களைப் பிடித்துப் பழகிய விரல்கள், வேலை சுத்தமாக இருந்தது. பவளம் கண்ணைக் கசக்கவேண்டாம் என்று மட்டும் எச்சரித்தாள். விடியும்போது மாலை முடிந்தது.

காரில் ஏறும்போது சிவாஜினி அதைக் கண்டாள். தகப்பன் துரோகி என்று பள்ளிக்கூடத்தில் பேச்சுக் கேட்டு வளர்ந்தவள் அவள். மாலையின் மேல் துவாயைப் போட்டு மூடினாள்.

"அம்மா, ப்ளீஸ். இண்டைக்கு வேண்டாம்."

"இண்டைக்கு இல்லாட்டி எண்டைக்கு, பிள்ளை?" என்றாள் பவளம். சிவாஜினி துவாயை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, உறவுக்காரர் சின்ன உரலில் மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடித்தார்கள். கார்பெட்டில் தூள் சிந்தாமல் இருக்க யாரோ ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டிருந்தார்கள். வாய்க்கரிசி முடிந்ததும் பவளம் எழுந்தாள். நல்ல வேட்டி, நல்ல சால்வை, ஒப்பனை செய்து வெளுத்த முகம். ஒரு கிழமையாகப் பெட்டிக்குள் கிடந்ததில் அவருடைய முகம் அவருடையது போலவே இல்லை. அவள் மாலையைக் கழுத்தோரம் போட்டு, முறுகிய மிளகாய் ஒன்றை நிமிர்த்திவிட்டாள். இப்போது அது அவர்தான்.

முன் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. சிட்னித் தமிழ் மன்றத் தலைவர் சிறிதரன் பக்கத்திலிருந்தவரின் காதுக்குள் ஏதோ கேட்டார். இளம் பிள்ளைகள் இதுவும் சைவ முறையாக்கும் என்று பக்தியோடு பார்த்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி மைக்குக்கு முன்னால் வந்து தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். செம்மண், உழைப்பு, உயர்வு எல்லாம் வந்தன. சமஷ்டிக் கொள்கை என்ற இடத்துக்கு வந்ததும் குரல் நின்றது. அவர் பெட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பொக்கெற்றில் வைத்தார்.

"உண்மையில சமஷ்டி கேட்டது நான்," என்றார். "அண்ணா தன்ர வெங்காயத்துக்கு விலை கேட்டவர். விலை குடுத்தவனுக்கு நன்றி சொன்னவர். இது அப்ப போட்ட அதே மாலைதான். கட்டினதும் அதே அண்ணிதான்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்துப் பேசவிருந்த சிறிதரன் தன் நீண்ட உரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர் தடியூன்றி நடந்து வந்து, மாலையிலிருந்த வெங்காயம் ஒன்றை விரலால் அமத்திப் பார்த்தார். நல்ல காய்ச்சல் வெங்காயம், ஈரமே இல்லை என்று பவளத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

தகன அறையில் கொள்ளிக்குப் பதில் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி வலது சுட்டுவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். விரல் சிவந்து வீங்கினாற்போல் இருந்தது. அங்கே வேலை செய்யும் வெள்ளைக்காரர், அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் முழுகினார்கள். யாரோ அனுப்பிய சோறும் பருப்பும் மேசைக்கு வந்தன. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு ஹாலுக்குப் போனார்கள். பவளம் குசினியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் விரல் நுனிகள் எரிந்தன. மந்திரிக்கு மாலை கட்டிய அந்த இரவும் இப்படித்தான் எரிந்தது. வரதராஜன் விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, தேங்காயெண்ணெய் எடுத்து அவளுடைய விரல்களில் பூசிவிட்டார். பூசிக்கொண்டே தம்பியின் கதையைச் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி வந்து பக்கத்தில் நின்றார். குழாய்க்கு அடியில் கைகளைப் பிடித்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி பிடித்தார்.

"எரியுது, அண்ணி."

"எரியும். மூண்டு நாளைக்குக் கிடக்கும். தண்ணிக்குக் கேளாது."

அவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். குளிருக்கு உறைந்திருந்ததைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் பிடித்து இளக்கினாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். பவளம் ஒவ்வொரு விரலாகப் பூசிக்கொண்டு வந்தாள். வலது சுட்டுவிரலுக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.