ரூஹியின் ஓவர்டிரைவ்

ஒத்திகையில், கரகரப்பில்லாத கிளீன் சேனலில் தெளிவாகக் கேட்ட ரூஹியின் கிட்டார், கரகரப்பான ஓவர்டிரைவுக்கு மாறியதும் டிரம்ஸுக்குள் காணாமல் போனது. வீட்டில் டோன் அமைத்தபோது இதே ப்ரீஆம்ப் பெட்டி எப்படி உறுமியது!

"ஓவர்டிரைவ் வாணாம், ரூஹி. சாயங்காலம் ஷோ கீது. அந்த ரிதத்த நானே கீபோர்டுல வாசிச்சிக்கிறேன்," என்றான் பேண்டை நடத்தும் பிராங்கிளின்.

"பாட்டு என்னுது, மாமு. நீ வாசிச்சா கல்யாண ரிசப்ஷன் மாரி இர்க்கும். கிட்டார்தான் வரும்."

கரகரப்பை ஏற்றும் கெயினைக் கூட்டினாள், கிட்டார் இன்னும் மங்கியது. அப்போதுதான் உறைத்தது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில், பக்கத்து வீட்டாருக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்துவைத்தே இந்த டோனை அமைத்திருந்தாள். மெல்லிய சத்தத்தில் பேஸும் ட்ரெபிளும் காதுக்குக் குறைவாகவே எட்டும். அதனால் இரண்டையும் ஏற்றி, அவற்றுக்கு நடுவிலுள்ள ஒலியான மிட்டை இறக்கியிருந்தாள். பேண்டுக்கு நடுவே கிட்டாரைக் கேட்கவைப்பதோ அந்த மிட்தான்.

"நிறுத்தாம அடிங்கடா!" என்று கத்திவிட்டு, குமிழ்களைத் திருகினாள். கிட்டார் டிரம்ஸைப் பிளந்துகொண்டு வந்தது. பிராங்கிளின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"இன்னா பண்ண?"

"கெயின் பாதி, பேஸ் கம்மி, மிட் தூக்கல், வால்யூம் கிளீனவிட கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் வீட்ல மாரி தனியா இல்ல, நீங்க ஃபுல் சத்தத்துல வாசிச்சினு இருக்கசொல்லவே வெச்சேன்."