கோகோ புளிக்கிற வீடு

பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு வாரம் தள்ளி வந்தால் குடியா முழுகிவிடும்? வெள்ளிக்கிழமைதான் எங்கள் தென்னந்தோப்பின் ஊடே நிற்கும் கோகோ மரங்களில் காய் பறித்தேன். உடைத்து, கொட்டையைச் சதையோடு கொட்டகையிலிருந்த மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையால் மூடி வைத்தேன். என் முதல் அறுவடை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளறியே ஆகவேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் குப்பைக்குத்தான்.

ஞாயிறு நாலரைக்கு வந்து உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளை ராபினும் அவன் அப்பா ஆரோக்கியதாஸும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாதா கோயில் பங்கில் மதுவிலக்குச் சபைக்கும் அவர்தான் தலைவர். காற்றுக்கு அன்றைக்கென்று கொழுப்பு. கொட்டகையிலிருந்து நேராகக் கூடத்துக்குள் வீசியது.

அவர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, கள்ளு வாடை அடிக்குது?"

"பக்கத்துத் தோட்டம் சார்," என்று அம்மா கூசாமல் புளுகினாள். பக்கத்துத் தோட்டம் கன்னியர் மடத்துடையது!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சிஸ்டர்மார ஏம்மா இழுக்குற? நான்தான் சார். கோகோ புளிக்குது. புளிச்சாத்தான் சாக்லேட்டுக்கு வாசம் வரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா. கல்யாணத்துக்கப்புறம் இந்தத் தோட்டவேலையெல்லாம் விட்டுரணும். டவுன்ல கௌரவமா இருக்கணும். சம்மதம்தான?"

ராபின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

முடியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் இப்படி ஒரு இடம் அமையவேண்டுமென்று மூன்று வருடமாகச் செபமாலை உருட்டியவள் அம்மா. மணி ஐந்தானது. அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மா எழுந்தாள். "மழையில்லாத வருசம் இவதான் சார் கொடம் கொடமாச் சொமந்து ஊத்தி அம்புட்டு மரத்தையும் காப்பாத்துனா. விடச் சொல்ல எனக்கு மனசு வராது." என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி ஜெஸ்ஸி, மணி அஞ்சாச்சுல்ல? உக்காந்து என்னத்தப் பாக்குற? போயிக் கிளறு. சார் காபியக் குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

கொட்டகைக்கு ஓடி, பட்டுச்சேலையோடு பெட்டிக்குள் கையை விட்டேன். கொட்டை சூடாக, பிசுபிசுவென்று முழங்கை வரை அப்பியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாசலில் கார் கிளம்பியது.

திரும்பினால் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

"ச்சீ, என்னா நாத்தம்டி இது!" என்று திட்டிக்கொண்டே எனக்கு எதிரே குனிந்து பெட்டிக்குள் கையை விட்டாள்.