வெங்கடம்மாள் வீட்டுப் பிரிட்ஜில் ஓர் உயிர்

என் வீட்டுக்காரர் பாலகோபால் கோயமுத்தூர் போய் உருப்படியாக ஒரு சாமான் வாங்கி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு விவசாயக் காலேஜிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே முகப்பவுடர் போல வெள்ளை மாவு.

"இதுல உசிரு இருக்குது ரங்கம்மா. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி. வெதையில பெரட்டி வெதைச்சா வேருப் புழுவை அண்ட உடாது. ஆனா சூடு பட்டாச் செத்துப்போயிரும். வெதைக்கற வரைக்கும் குளுகுளுன்னு வெச்சிருக்கோணுமாம்."

போன வருஷம் எங்கள் பாசிப்பயறு முழுக்க மஞ்சளித்துப் போனது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. எல்லாம் அந்தப் புழு செய்த வேலை. இந்த வருஷமும் போனால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் மில் வேலைக்குப் போக வேண்டியதுதான். அதனால் திட்டாமல் வாங்கிக்கொண்டேன். மழை வந்தால்தான் விதைப்பு. சித்திரை வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது?

ஊரில் இருந்த ஒரே பிரிட்ஜ் என் ஓரகத்தி, அதாவது இவருடைய அண்ணன் மனைவி, வெங்கடம்மாள் வீட்டில். வரப்பில் நிற்கும் எலுமிச்சை மரம் யாருக்கு என்ற சண்டையில் நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் நின்றேன். மகராசி என்னைப் பார்க்கவில்லை. பிரிட்ஜைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க பிரிட்ஜு, வந்தவீங்களுக்கு என்ன வேணுமாம்?"

நானும் பிரிட்ஜிடமே விஷயத்தைச் சொன்னேன்.

"உசிரா? கடிக்குமான்னு கேளுங்க பிரிட்ஜு."

"மனுசரைக் கடிக்காதுங்க. சூடுதான் ஆகாதுங்க."

"இட்லி மாவுக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

தினமும் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. பொட்டலத்தைத் தண்ணீர்ப்பானை ஓரம் வைத்து வெங்கடம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விசிறியைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

ஒருவழியாக மழை பெய்தது. மாவு விதையில் ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சி காய்ச்சினேன். அதற்குள் எங்கள் அவசரக்குடுக்கை பொட்டலத்தை வாங்கி வந்து பிரித்து, ஆவி பறக்கும் கஞ்சியில் கவிழ்க்கப் போனார்.

"கொழுந்தனாரே! கொன்னுபோடாதீங்க!"

அவர் பின்னாலேயே வந்திருந்த வெங்கடம்மாள் பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள். "இத்தனை நாளு கண்ணுல வெச்சுக் காப்பாத்திக் குடுத்தா, கொதிக்கற கஞ்சியில தள்ளறீங்களா? நல்லா இருக்குதுங்க நாயம்!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். அங்கே பிரிட்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே சொன்னாள்.

"ரங்கு, விசிறி எடுத்துட்டு வா."

கஞ்சி ஆறும்வரை இருவரும் மாற்றி மாற்றி விசிறினோம்.

பயறு பூவெடுத்ததும் ஒரு செடியைப் பிடுங்கினேன். போன வருஷத்து வீக்கம் இல்லை. வேர் வெள்ளையாக, திடமாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மில்லாவது கில்லாவது என்று செடியோடு நேரே வெங்கடம்மாளிடம் ஓடினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கூட்டுப் பிரிட்ஜுல இருந்ததாக்கும்!"

"ஆமாங்கக்கா."

"ஆனா அந்த எலுமிச்சை மரம் எங்குளுதுதான். சொல்லிப்போட்டேன்."

"அதெப்படீங்க?" என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

நேருக்கு நேர் அவளோடு சண்டை போட்டு எத்தனை நாளாகிவிட்டது! சாவகாசமாக உட்கார்ந்துகொண்டேன்.