தகர டப்பா

பொழுது விடிவதற்குள் பட்டறையில் இரும்புத் தகடு சூடேறிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். முத்தாக உருண்டோடினால் பதம். தங்கி நின்றால் சூடு போதாது, மாவு ஒட்டிக்கொள்ளும். சூடு மிஞ்சினாலோ ஓரம் பழுப்பேறும். கோதுமை மாவும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது. அடுப்பக்கா ஒரு கரண்டி ஊற்றி மேல் தகட்டை இறக்கி அழுத்துவாள். நீராவி உஸ்ஸென்று முகத்தில் அடிக்கும். ஒரே நிமிடத்தில் காகிதம் போல ஒரு தாள். உடனே வெட்டினால் நொறுங்கிவிடும்; ஈர அறையில் ஓர் இரவு கிடந்து நமுத்த பிறகே சித்தப்பா வட்ட வட்டமாக வெட்டுவார். மாதா கோயில் பூசையில் நன்மை வாங்கும்போது நாக்கில் வைக்கிறார்களே, அந்த ஓஸ்தி இப்படித்தான் பிறக்கிறது.

கடைசி வேலை என்னுடையது. பிரிப்பது. வெள்ளை வெளேரென்ற முழு வட்டங்கள் நீல டப்பாவுக்கு. பழுப்பேறியதும் உடைந்ததும் தகர டப்பாவுக்கு. நீல டப்பா, நடுவாசலில் நுழைந்து முன்னால் உட்காரும் வெளுத்த தோல்காரர்களுக்கு. தகர டப்பா, பக்கவாசலில் வந்து பின்னால் நிற்கும் கறுத்த தோல்காரர்களான எங்களுக்கு. பதினாறு வருடம் பிரித்தேன். எதையும் வீணாக்கக் கூடாதே என்றுதான் செய்வதாக என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

இந்த ஞாயிறு என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக ஓஸ்தி வாங்கும் நாள். நேற்று ஒத்திகை முடிந்து வந்தவள் கேட்டாள்: "எங்க வரிசைக்கு மட்டும் கருகுனதை யாரும்மா எடுத்து வைக்கிறது?"

இன்று காலை எனக்குக் கை ஓடவில்லை. "அக்கா, நான்தான்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அடுப்பக்கா முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தகடு சுட்ட தழும்புகள், வரிவரியாக. "சுடுறது நான், வெட்டுறது அவரு, பிரிக்கிறது நீ. மூணு பேருந்தாண்டி."

"எனக்குப் பல்லு இல்லை, உடைஞ்சதே வசதின்னு இருந்துட்டேன்" என்றார் சித்தப்பா. சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

இரண்டு டப்பாக்களையும் ஒரே பெட்டியில் கவிழ்த்தேன். கையை விட்டுக் கலந்தேன்.

"சாமி காரியம்டி..." அக்கா பதறினாள்.

"பூசையில சாமியார் கைக்குப் போற வரைக்கும் வெறும் மாவுதான்" என்றார் சித்தப்பா.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். கோயில் நிர்வாகக் குழுத் தலைவரும் அவர்தான். பெட்டியைப் பார்த்ததும் முகம் சுண்டியது.

"யாரு பண்ணுனது?"

"நான்தான் ஐயா."

"உக்காந்து பிரி. கடவுள் சந்நிதியில நல்லதைத்தான் வைக்கணும்."

"கடவுளா ஐயா சாப்பிடுறாரு? முன்வரிசைதானே சாப்பிடுது."

"வாய் நீளுதே! உன் பொண்ணுக்குத்தானே ஞாயித்துக்கிழமை புதுநன்மை? பட்டியல் என் மேசையிலதான் இருக்கு. ஒரு கோடு போதும்."

மகளின் வெள்ளைக் கவுன் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. ஓரத்தை நானே மடித்துத் தைத்தேன். கை தானாகப் பெட்டிப் பக்கம் போயிற்று.

பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். அக்கா எரிவாயுவை அணைத்திருந்தாள்.

"அப்போ எங்க பேர் மேலயும் ஒரு கோடு போட்டுருங்க ஐயா."

சித்தப்பா வெட்டுக் கருவியைக் கீழே வைத்தார். ஈர அறையிலிருந்தும் மாவுத் தொட்டியிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்.

"வேற ஆளு கிடைக்காதுன்னு நினைப்பா?"

"கிடைப்பாங்க. பதம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளிருக்காது" என்றார் சித்தப்பா.

முதலாளி வெளியேறினார். அவர் நேரே அந்தப் பட்டியலைத் தேடித்தான் போவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை அவளை எந்த வாசல்ல கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டேன்.

"நடுவாசல்தான். அவ முன்னால, நாம பதினொரு பேரும் பின்னால" என்றாள் அக்கா. பழக்கதோஷத்தில் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது உருண்டோடவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது.