பெயரைக் கேட்டுப் போனவர்கள்

மோவானி செய்தது சின்னத் தப்பு இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். அந்தப் பெயர் எந்தக் குடும்பத்துக்காவது சொந்தமா, உயிரோடு இருக்கிற யாராவது அதைச் சுமக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மிலோலி என்னும் தீவுக் கரையில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அடுத்தவர் தோணியைக் கேட்காமல் எடுத்துப் போனாலாவது மறுநாள் கொண்டுவந்து கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். பெயரை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அதுதான் காரணம். ஓபெலு மீனுக்குப் போன அவள் புருஷன் கமுவேலா, இன்ஜின் நின்றுபோய், மூன்று நாள் கடலில் கிடந்தான். தேடிப் போன படகுகளெல்லாம் வெறுங்கையோடு திரும்பின. நிறைமாதக் கர்ப்பிணியான மோவானி படகுத்துறையை விட்டு நகரவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், தார்ப்பாயைப் பாயாகக் கட்டிக்கொண்டு, உதடெல்லாம் வெடித்து, அவன் தானாகவே வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்த நிமிஷமே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டு எழுத வந்த பெண்ணிடம், யோசிக்காமல், மனதில் இருந்ததைச் சொன்னாள். கவாஹோயி. திரும்பி வந்த தோணி என்று அர்த்தம்.

"என்னோடது ஃபைபர் படகு, தோணியில்ல" என்றான் கமுவேலா, உதட்டில் களிம்போடு.

"நீ வாய மூடு. பிள்ள உன்ன மாதிரி பேசாம இருந்தா போதும்" என்றாள் மோவானி. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

நாலு மாதம் கழித்து, தபால் ஆபீசில் இருக்கும் நோயே குழந்தையின் மருத்துவ அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டாள். பார்க்கக் கூடாதுதான். நோயே பார்ப்பாள்.

"ஏண்டி, இது சன்னி அங்கிள் பேராச்சே. கேட்டியா அவர்கிட்ட?"

"எந்த சன்னி அங்கிள்?"

"மேல காப்பித் தோட்டத்துப் பக்கம் இன்ஜின் ரிப்பேர் பண்றாரே, அவரேதான். பென்ஷன் கடுதாசில மட்டும் இந்தப் பேரு வரும். இருவத்தாறு வருஷமா கடுதாசி பிரிக்கிறேன். இந்தத் தீவு மொத்தத்துக்கும் இந்தப் பேருக்கு அவர் ஒருத்தர்தான்."

மோவானிக்கு உடனே பிள்ளையின் வயிறுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு இரண்டு மாதமாகவே பால் தங்கவில்லை. குடித்ததில் பாதி வெளியே வந்துவிடும். டாக்டர் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். ஆனால் கேட்காமல் எடுத்த பெயர் பிள்ளையின் மேல் பாரமாக உட்கார்ந்துகொள்ளும் என்று அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். டாக்டரையும் நம்பினாள், இதையும் நம்பினாள். இரண்டையும் நம்புகிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

"போய்க் கேப்போம். குடுத்தாருன்னா சரி. இல்லன்னா பேர வெட்டிடணும்" என்றாள்.

கமுவேலாவுக்கு வேறு பயம். போன வருஷம் அவன் இன்ஜினைப் பார்த்துவிட்டு, "இத இனிமே கடல்ல போடு, நங்கூரமாவாவது உதவும்" என்று சொன்னவர் சன்னி. அவன் போடவில்லை. அதே இன்ஜின்தான் நின்றது.

"நீ மட்டும் போயிட்டு வாயேன்."

"பிள்ளைக்கு அப்பன் யாரு, நோயேயா?"

அவன் லாரியை எடுத்தான்.

சன்னியின் வீடு நெடுஞ்சாலைக்கு மேலே, கடல் கண்ணில் படாத இடத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்தது. வேலி ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார்கள். இரண்டு நாய்கள் குரைத்தன. அவருடைய அக்கா ஹிவா, எழுபத்தெட்டு வயது, மடியில் ஒரு முறம் காப்பிக் கொட்டையோடு தலையை நிமிர்த்தினாள்.

"யாரு? உள்ள வாங்க, சாப்பிடுங்க. நாய் கடிக்காது. கடிச்சாலும் பல்லு கிடையாது."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். மோவானி கொண்டுவந்த பொட்டலத்தை, அகலமான பச்சை இலையில் கட்டிய உலர்ந்த ஓபெலுவும் சேப்பங்கிழங்கும், இரண்டு கையாலும் கொடுத்தாள். அவள் அதைக் கொடுத்த விதத்திலேயே, இவர்கள் சும்மா வரவில்லை என்பது ஹிவாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சாப்பிடாமல் விஷயத்துக்குப் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மோவானிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கமுவேலா இரண்டு தட்டு சாப்பிட்டான்.

சன்னி கொட்டகையிலிருந்து கையில் கிரீஸோடு வந்தார். ஒல்லியான, கூன் விழாத மனிதர்.

"நங்கூரம் எப்படி இருக்கு?" என்றார் கமுவேலாவிடம்.

"வித்துட்டேன் அங்கிள்."

"வாங்கினவன் பாவம்."

ஹிவா சிரித்தாள். மோவானி சிரிக்கவில்லை. இனிமேலும் தள்ளிப்போட்டால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது. பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க பேர கேக்காம எடுத்துட்டேன். இப்படி ஒரு பேரு ஏற்கெனவே இருக்குன்னே எனக்குத் தெரியாது. நானா யோசிச்சு வச்சேன்னு நெனச்சேன். கவாஹோயின்னு வச்சிருக்கேன் இவனுக்கு."

ஹிவாவின் கை முறத்தில் நின்றது. சன்னி துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எதுக்கு வச்ச?"

"இவர் மூணு நாள் கழிச்சு வந்தாரில்ல. அந்த நன்றிக்கு."

"எங்க அப்பா தோணியும் வந்துச்சு" என்றார் சன்னி. "மூணாம் நாள்தான். வலை மடிச்சது மடிச்சபடி இருந்துச்சு. மீனுக்குத் தூவ அரைச்ச பூசணி குடுக்கையில அப்படியே இருந்துச்சு. துடுப்பு இருந்துச்சு. அப்பா இல்ல. அதுக்கு மறுநாள் நான் பொறந்தேன். எங்கம்மா கடலப் பாத்து இந்தப் பேர வச்சாங்க."

மோவானி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஆள் இல்லாமல் வந்த தோணியின் பெயரையா, அப்பன் உயிரோடு வந்த பிள்ளையின் தலையில் வைத்தோம்? கமுவேலாவும் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா ஒரு நாள்கூட என்ன அந்தப் பேரால கூப்பிட்டதில்ல" என்றார் சன்னி. "பள்ளிக்கூடத்துல சன்னின்னாங்க, அம்மாவும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. என் பேரச் சொன்னாலே அவங்களுக்கு அந்த வெறுந்தோணி ஞாபகம் வரும். அது எழவுப் பேரு, பொண்ணே. எனக்குப் பிள்ளையும் இல்ல. என்னோடயே அது மண்ணுக்குள்ள போயிடட்டும்னு முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. உன் பிள்ளைக்கு வேணாம். கோவத்துல சொல்லல. வெட்டிடு."

வெட்டுவதற்கு ஒரு பிரார்த்தனை உண்டு. கடலில் இடுப்பளவு நீரில் நின்று சொல்லி, பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மோவானி தலையாட்டினாள். சரி என்று எழுந்திருக்கத்தான் போனாள். ஆனால் மனதுக்குள் ஒன்று முள்ளாய்க் குத்தியது. அதைச் சொல்லாமல் போனால் செத்துப்போன அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"வெட்டிடறேன் அங்கிள். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். தப்பா இருந்தா திட்டுங்க."

"சொல்லு."

"மொத நாளு துறையில உக்காந்து, இவர் நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டாம் நாளு, கை கால் போனாலும் பரவாயில்ல, உயிரோட வந்தா போதும்னு வேண்டினேன். மூணாம் நாள் மத்தியானம் வேண்டிக்க ஒண்ணுமே பாக்கி இல்ல. அப்ப என்ன கேட்டேன்னு இவருக்கே இதுவரைக்கும் சொன்னதில்ல." கமுவேலாவை அவள் பார்க்கவில்லை. "படகாவது வரட்டும்னு கேட்டேன். வெறும் படகாவது வரட்டும், தொட்டுப் பாத்துக்கறேன், அவர் பிடிச்ச இடத்தப் பிடிச்சுக்கறேன்னு கேட்டேன். இதே கரையில அதுகூட வராத பொம்பளைங்க எத்தன பேரு? உங்கம்மாவும் அங்கதான உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு அது வந்துச்சு. எழவுக்கு வச்ச பேருன்னு எனக்குத் தோணல அங்கிள். வந்தவரைக்கும் வந்துச்சேன்னு வச்ச பேரு."

சன்னி அக்காவைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில், அன்றைக்கு ஏழு வயதுப் பெண்ணாகக் கரையில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

ஹிவா முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா தண்ணிக்குள்ள ஓடிப்போயி அந்தத் தோணியக் கட்டிப்பிடிச்சாங்க. எல்லாரும் அழுதாங்க. அவங்க மட்டும் நன்றி, நன்றின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பித்துப் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"என்கிட்டகூடவா?" என்றார் சன்னி.

"நீ கேக்கலையே. உன் பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிடுவ."

"அப்ப ஏன் என்ன அந்தப் பேரால கூப்பிடல?"

"உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சாங்க. அஞ்சு வயசுல ஒரு தடவ கூப்பிட்டதுக்கு, நான் சன்னின்னு கத்திட்டு ஓடின. அதுக்கப்புறம் அவங்க கூப்பிடல."

எழுபத்தொரு வயது மனிதர் அழும்போது பார்க்கிறவர்களுக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. கமுவேலா நாயைப் பார்த்தான். மோவானி பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கும் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கையில் இன்னும் கிரீஸ் மிச்சமிருந்தது.

அப்புறம் எழுந்து போய் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்தார். கையை நீட்டினார். மோவானி பிள்ளையைக் கொடுத்தாள்.

"வெட்ட வேணாம்" என்றார். "குடுக்கறேன். என் கையால, என் வாயால குடுக்கறேன், ஹிவா சாட்சி. ஆனா இனிமே இவன் எங்க வீட்டுப் பிள்ளையும்தான். மாசம் ஒரு தடவையாவது கொண்டுவரணும். சுருக்கிக் கூப்பிடக் கூடாது. பள்ளிக்கூடத்துல எவனாவது சுருக்கினா என்கிட்ட சொல்லுங்க."

"அவனுக்கும் ஒரு இன்ஜின் பாத்து வைக்கணும்" என்றாள் ஹிவா. "அப்பன் வாங்கினா உருப்படாது."

மோவானி நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"நீ கேட்டு வராம இருந்திருந்தா, எங்கம்மா அந்தப் பேர என்ன நெனச்சு வச்சாங்கன்னு தெரியாமயே செத்துப் போயிருப்பேன். நன்றிய நான்தான் சொல்லணும்."

குழந்தை அந்த நேரம் பார்த்து, குடித்த பாலை அவர் சட்டை மேலேயே கக்கியது. பெயர் விவகாரம் தீர்ந்தது, பால் விவகாரம் தீரவில்லை. அவர் சட்டையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கி, நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல், "கவாஹோயி" என்றார். அந்தப் பெயரை அவர் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

குழந்தை அவரையே பார்த்தது. பதில் ஹிவாவிடமிருந்து வந்தது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு, அறுபத்தாறு வருஷம் அந்த வீட்டில் யாரும் சொல்லாததை, சாதாரணமாகச் சொன்னாள்:

"கவாஹோயி, சட்டைய மாத்திட்டு வாடா. இன்னும் நீ சாப்பிடல."

அவர் பிள்ளையை மோவானியிடம் கொடுத்தார். பிறகு, "வரேன்க்கா" என்றார்.