உள்ளூரில் ஆள் இல்லை

செல்வநாயகி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட திங்கட்கிழமையிலிருந்து விருத்தாசலத்தில் உள்ளூர்க்காரர் யார் கையிலும் தீ பற்றவில்லை. நமத்துப்போன பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று முதலில் கடைக்காரரைத் திட்டினார்கள். லைட்டரை மாற்றிப் பார்த்தார்கள். அதே குச்சியைத் திட்டக்குடி பஸ்ஸின் கண்டக்டர் கிழித்தபோது சர்ரென்று பிடித்தது. கோளாறு குச்சியில் இல்லை, நம் கையில்தான் என்று ஊருக்குப் புரிந்தது. சரி, ஆகிற வேலையைப் பார்ப்போம் என்று அவரவர் கிளம்பிவிட்டார்கள்.

செல்வநாயகிக்கு செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனி, பீங்கான் ஃபியூஸ் செய்கிற கம்பெனி. புதுச் சூளை ஒன்றை வியட்நாமிலிருந்து வாங்கியிருந்தாள். முதல் வருஷம் எங்கள் ஆள் லாம்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு ஆளைத் தற்காலிகமாக எடுப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? கம்பெனிப் பதிவு, வேலை ஒப்பந்தம், சம்பளம், வரி என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சூளையில் தீ மூட்டி ஓட்டுகிற இந்த வேலை தெரிந்த ஆள் இங்கே இல்லை என்று முதலாளி எழுதித் தர வேண்டும். அங்கேதான் செல்வநாயகிக்குக் கை நின்றது. அவளுடைய சூளைக்காரன் கார்முகில், குஜராத்தில் மோர்பியில் இதே மாதிரிச் சூளையை ஓட்டிவிட்டு வந்தவன். ஏஜென்ட் சென்னையிலிருந்து போனில் சிரித்தார். “எல்லாரும் இப்படித்தான் மேடம் போடுறாங்க.” போட்டாள். வேலை விசா வந்தது. லாமும் வந்து சேர்ந்தான். வெளிநாட்டவர் பதிவும் ஒரு குறையில்லாமல் முடிந்தது.

ஊர் சமாளித்துக்கொண்டது. டீக்கடைகள் வேப்பூரிலிருந்து தினக்கூலிக்கு ஆள் வைத்தன. பெண்ணாடத்திலிருந்து புதிதாகக் கட்டிவந்த மருமகள்களுக்கு வந்தது யோகம். அவர்கள் எழுந்து வரும்வரை மாமியார்கள் அடுப்பங்கரையில் வாய் திறக்காமல் காத்திருந்தார்கள். வந்து பல வருஷம் ஆன மருமகள்களுக்குத் தீ பிடிக்கவில்லை, அவர்களும் உள்ளூர் ஆகிவிட்டிருந்தார்கள். லாம் வேலைக்குப் போகிற வழியில் மொபெட்டை நிறுத்தி நிறுத்தி, “வூட்ல யாருங்க?” என்று இங்கே வந்து கற்ற தமிழில் குரல் கொடுத்து அடுப்புப் பற்றவைத்துவிட்டுப் போவான். நல்ல பிள்ளை. ஒரு டம்ளர் டீக்கு மேல் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டான்.

கார்முகில் மண் மூட்டை தூக்கினான். சம்பளம் குறையவில்லை, ஆனால் சூளைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். வீட்டில் அவன் அம்மா தங்கம்மாளுக்கு ஒரே கவலைதான். “நாஞ் செத்தா யார்டா கொள்ளி வெக்கிறது? ஒன் கையில பத்துற வரைக்கும் நான் போவ மாட்டேன், போ.” சொன்னாளே தவிர, சாவு அவள் பேச்சைக் கேட்கவில்லை. மாசியில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

வாசலில் லாம் பற்றவைத்துக் கொடுத்த கொள்ளிச்சட்டி, கார்முகில் கைக்கு வந்ததும் அணைந்துவிட்டது. மணிமுத்தாற்றங்கரையில் கட்டை அடுக்கி அவளைக் கிடத்திய பிறகு கற்பூரத்தை வைத்துக் குச்சிமேல் குச்சியாகக் கிழித்தான். பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நான் வெக்கவா?” என்றான் லாம்.

“நீயும் தம்பி மாதிரிதான்டா. ஆனா எங்கம்மாவுக்கு நாந்தான் வெக்கணும்.”

பெண்கள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. செல்வநாயகி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேவிட்டாள். கார்முகில் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். படுபாவி, ஒரு கையெழுத்தில் இவனை இப்படி நிறுத்திவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அங்கேயே ஏஜென்டுக்குப் போன் போட்டு, உண்மையை எழுதி அனுப்பப் போகிறேன் என்றாள்.

“அனுப்பினா லாம் விசா போயிடும் மேடம். சூளை வாரண்டியும் போயிடும். அடுத்த தடவ வெளிநாட்டு ஆள் யாரையும் கேக்க முடியாது.”

“போவுட்டும்ங்க.”

லாமைப் பார்த்தாள். அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. “அனுப்புங்க அக்கா,” என்றான். விசா கொடுத்த அலுவலகத்துக்குப் போனிலேயே எழுதினாள்: இந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார். நான் கையெழுத்துப் போட்ட அன்றும் இருந்தார். பெயர் கார்முகில்.

அனுப்பியதும் கார்முகில் கையில் குச்சி பிடித்துக்கொண்டது. கற்பூரம் எரிந்து, கட்டை எரிந்தது. குச்சியை விடாமல் அவன் பார்த்துக்கொண்டே நின்றதில் தீ விரல்வரை வந்து சுட்டது. இத்தனை மாதமாக எந்தத் தீயும் அவனைச் சுட்டதில்லை. கையை உதறிய பிறகுதான், “யம்மா” என்று வாய்விட்டு அழுதான். அன்று காலையிலிருந்து அவன் அழுதிருக்கவில்லை.

அதே நேரத்தில் ஊரில் எல்லோர் அடுப்பும் பற்றியது. பெண்ணாடத்து மருமகள்கள் பழையபடி திட்டு வாங்கினார்கள். லாம் எல்லா வீட்டிலும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் கார்முகில்தான் அவன் பெட்டியைத் தூக்கி ஏற்றினான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கார்முகில் சூளைக்கு வந்தான். செல்வநாயகி அவன் விரலில் இன்னும் ஆறாத தீப்புண்ணுக்கு மருந்தை நீட்டினாள். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ச் சூளையைப் பற்றவைத்தான்.